கொள்ளுத் தாத்தா தேடித் தரப்படும்

பழைய அரசு ஆவணங்களைப் புரட்டி ஊர்க்கதையும் குடும்பக்கதையும் தேடித் தருகிற இந்த வேலையில் முதலில் கெடுவது மூக்கு, அப்புறம் கண், கடைசியில் மனிதர்களுடைய சகவாசம். ஆவணக் காப்பகத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்த புண்ணியவான்கள் நீங்கள் யாராவது இருந்தால், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விருத்தாசலத்திலிருந்து ரயிலைப் பிடித்துச் சென்னைக்கு ஓடி, எழுதிக் கொடுத்துக் கேட்ட ஆவணக் கட்டு வந்து சேர்வதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். தும்மினால் காகிதம் பறக்கும். தும்மாவிட்டால் நம் உயிர் பறக்கும். கல்லூரியில் தற்காலிகமாக வரலாறு நடத்திக்கொண்டிருந்த நான், அந்த வேலை போன பிறகு இதற்கு வந்தேன்.

தாசில்தார் குதிரை

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு பாங்க் மேனேஜர் வந்தார். அப்பாவின் எண்பதாம் கல்யாணத்துக்குக் குடும்ப வரலாற்றைப் புத்தகமாகப் போட ஆசை. முன்னோர்கள் கோயில் திருப்பணி செய்தவர்கள் என்று வீட்டில் பேச்சாம். நான் தேடியதில் திருப்பணி அகப்படவில்லை, ஒரு வழக்குதான் அகப்பட்டது. முகாம் வந்த தாசில்தாரின் குதிரையை அவிழ்த்துக்கொண்டு போனதற்காக மேனேஜரின் கொள்ளுத் தாத்தாவுக்கு ஜெயில் தண்டனை. கொள்ளுத் தாத்தாவின் அப்பா பெயர், தெருப் பெயர் எல்லாம் பொருந்தியது.

"மேடம், இது வேணாம். சம்பந்தி வூட்டுக்காரங்கல்லாம் படிப்பாங்க" என்று மெதுவாகச் சொன்னார். கூட வந்திருந்த அப்பாவுக்குக் காது மந்தம். என்ன விஷயம் என்று விடாமல் கேட்டதால், மகன் குதிரைக் கதையைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. பெரியவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு மகனிடம் சொன்னார்: "மத்ததெல்லாம் எடுத்துடுடா, குதிரைய மட்டும் போடு. அது ஒண்ணுதான் படிக்கிற மாதிரி இருக்குது."

வெள்ளாற்றங்கரை மனு

கருவேப்பிலங்குறிச்சி விவசாயி ஒருவர். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் ஊரில் பெரிய ஆள் என்று கேள்விப்பட்டிருந்தார், அதற்கு ஆதாரம் வேண்டும் என்றார். எனக்குக் கிடைத்தது அந்தப் பெரிய ஆள் கலெக்டருக்குக் கொடுத்த மனு. வெள்ளாறு கரையை உடைத்துக்கொண்டு வந்து வயலை மணல் மூடிவிட்டது, இந்தப் போகத்துக்கு வரியைத் தள்ளிக் கொடுக்க வேண்டும் என்று கெஞ்சியிருந்தார். ஏமாற்றமாக இருக்குமே என்று தயங்கித்தான் படித்துக் காட்டினேன்.

அவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "அவரு பேரைத்தான் எனக்கும் வச்சிருக்காங்க. தேதிய மட்டும் மாத்தி ஒரு காப்பி குடுங்க மேடம், இந்த வருசமும் ஆறு அதத்தான் பண்ணியிருக்குது."

பெயர் இல்லாதவர்கள்

எல்லோருக்கும் ஏதாவது கிடைத்துவிடாது. வேப்பூரில் நெடுஞ்சாலை ஓரமாகச் சின்ன ஓட்டல் வைத்திருக்கும் அஞ்சலை அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார். "எங்க அம்மாவோட அம்மா பேருக்கு மேல எங்க வூட்ல யாருக்கும் ஒண்ணும் தெரியாதும்மா. காலேஜ் படிக்கிற பொண்ணு கேக்குறா. நாம எந்த ஊரு, யாரு எவருன்னு" என்றார்.

நானும் விடாமல் பார்த்தேன். அந்தப் பக்கத்துக் கிராமங்களின் நிலப் பதிவேடுகளில் பட்டாதாரர் பெயர், கிணறு, மடு, பனைமரம் என்று எல்லாம் இருந்தது. கூலிக்கு உழைத்த அஞ்சலை அக்காவின் சனங்களுடைய பெயர் எங்கேயும் இல்லை. வெறுங்கையோடு போய் இதையெல்லாம் சொன்னபோது மதியக் கூட்டம். லாரிக்காரர்களுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை, சத்தம் போடவில்லை.

"பனமரத்துக்கெல்லாம் கணக்கு எழுதியிருக்காங்க, கெணறு வெட்டுனவன் பேர மட்டும் எழுதலியா?"

சாயல்

செல்வராசுவுக்கு இங்கே விருத்தாசலத்தில் சொந்தமாகப் பீங்கான் பட்டறை, மின்சார ஃபியூஸ் கட்டை செய்கிறார். அவர் வயிற்றில் இருக்கும்போதே அப்பா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். வீட்டில் இருந்த ஒரே கல்யாணப் போட்டோவும் கூரை எரிந்தபோது போனது. "ஷேவ் பண்றப்பல்லாம் கண்ணாடிய பாத்து யோசிப்பேன் மேடம், இதுல எது அப்பாவோடதுன்னு" என்றார். பீங்கான் தொழில் பழக அரசாங்கம் முதன்முதலில் ஆள் எடுத்தபோது அப்பாவும் சேர்ந்தார் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

அந்தக் கோப்பு கிடைத்தது. அப்பாவின் விண்ணப்பமும் இருந்தது. ஆனால் போட்டோ ஒட்டிய இடத்தில் பசைக் கறைதான் மிச்சம். அதைப் போனில் சொன்னபோது செல்வராசு "சரிங்க" என்று வைத்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்தடுத்த கட்டுகளையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒன்றில், பயிற்சி முடித்தவர்கள் வரிசையாக நிற்கும் படம் செருகியிருந்தது, கீழே பெயர்கள். அனுமதி வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டு வந்தேன்.

பட்டறைக்கே போனேன். செல்வராசுவின் அம்மாவையும் அழைத்து வந்திருந்தார்கள். பெயர் இருந்த பகுதியை மடித்துவிட்டு, படத்தை மட்டும் அந்த அம்மா கையில் கொடுத்தேன். விரல் ஒவ்வொரு முகமாக நகர்ந்து பின்வரிசையில் ஒரு முகத்தில் நின்றது. மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன், அவரேதான். செல்வராசு களிமண் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அந்த அம்மா அழவில்லை. நரைத்த தலையோடு உட்கார்ந்திருக்கும் மகனைப் பார்த்தார், திரும்பப் படத்தைப் பார்த்தார்.

"அய்யோ, இவ்ளோ சின்னப் புள்ளையாவா இருந்தாரு?"

இத்தனை பேருக்கு முன்னோர்களைத் தேடிக் கொடுத்த எனக்கு, என் கொள்ளுத் தாத்தா பெயர் என்ன என்று வீட்டுக்காரர் கேட்கும்போது மட்டும் அடுப்படியில் அவசர வேலை வந்துவிடுகிறது.