யோகமலர் வீட்டுக் கூரையில் அடித்த நுரை

விஜயரத்தினம் லண்டனில் முதன்முதலாகக் குளிர் தடுக்கும் நுரை அடித்த வீடு ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிறது. பதினான்கு வருடம் கழித்து, அதே நுரையைச் சுரண்டி எடுக்க கூரைக்கடியில் அதே லொஃப்டுக்குள் தவழ்ந்துகொண்டிருந்தார்.

வீட்டுக்காரி யோகமலர் அந்த வீட்டை விற்றுவிட்டு, சட்டனில் மகள் றொஷானிக்குப் பக்கத்தில் குடிபோக நினைத்தார். வாங்க வந்த மாதங்கிக்கு வீடு பிடித்துவிட்டது. வங்கிக்காகப் பார்க்க வந்த சர்வேயருக்குத்தான் பிடிக்கவில்லை. நுரைக்குப் பின்னால் ஓட்டைத் தாங்கும் கைமரங்கள் எப்படியிருக்கின்றன என்று தெரியாமல் கடன் இல்லை என்று எழுதிவிட்டார். மரம் ஈரத்தில் உக்கியிருந்தால் விற்பனை அவ்வளவுதான்.

"நான் அடிச்சது. நானே எடுக்கிறன்" என்று விஜயரத்தினம் வந்துவிட்டார்.

நோர்வேயில் பதினோரு வருடம் இதே வேலை செய்தவர். அவருடைய குழாயிலிருந்து பீறிடும் மஞ்சள் திரவம் நொடியில் பொங்கி, இடுக்கெல்லாம் அடைத்து இறுகிவிடும். 2011 தை மாதம் இந்த வீட்டில் ஏழு பேர் ஒரே அறையில் ஹீட்டரைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். நுரை அடித்த சில நாட்களில், யோகமலரின் கணவர் வீட்டுக்குள்ளேயே போட்டுத் திரிந்த கோட்டைக் கழற்றினார். தெருவிலிருந்த தமிழ்ச் சனமெல்லாம் சூடு பார்க்க வந்தது. வந்தவர்களுக்கு ரோல்ஸும் தேத்தண்ணியும். அந்தச் சனத்தில் பாதி இப்போது எங்கெங்கோ. கணவரும் இல்லை.

"அண்ணை, மரம் எப்படி?" ஏணியடியில் யோகமலர்.

"இரும்பு மாதிரி, தங்கச்சி."

"நுரையையும் ஆயுசுக்கும் நிக்கும் எண்டுதானே சொன்னனீங்கள்!"

"உங்கட வாயை அடைக்க மட்டும் ஒரு நுரையும் வரேல்லை."

பின்பக்கத்தில் ஒரு குழாய் தட்டுப்பட்டது. விஜயரத்தினத்தின் சிரிப்பு நின்றது. குசினிப் புகையை இழுக்கும் விசிறியின் குழாய். மீன் பொரியல் மணம் பக்கத்து வீட்டுக்குப் போகக்கூடாதென்று, அதை வெளியே விடாமல் மேலறை அலுமாரி வழியாக லொஃப்டுக்குள் ஏற்றியிருந்தார்கள். அப்படிச் செய்யச் சொன்னவரே விஜயரத்தினம்தான். அப்போது ஓட்டிடுக்கால் ஆவி போய்க்கொண்டிருந்தது. பிறகு அந்த இடுக்கையெல்லாம் அவரே நுரையால் அடைத்தார். குழாய் நினைவுக்கு வரவேயில்லை. ஆவி போக வழியில்லாமல் இத்தனை வருடமும் மரத்திலேயே ஊறியிருக்கும்.

திருப்புளியை மரத்தில் வைத்து அழுத்தினார். புட்டுக்குள் விரல் போவதுபோல் போயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று கைமரங்கள். கறுப்பு மை பூசினால் கண்ணுக்குத் தெரியாது என்று ஒரு கணம் தோன்றியது. இறங்கி வந்தார்.

"தங்கச்சி, மூண்டு மரம் உக்கிப்போச்சு. பிழை என்ர."

யோகமலர் போனை எடுத்து மாதங்கியிடம் எல்லாவற்றையும் சொன்னார், குழாய்க் கதை உட்பட.

"மத்த மரமெல்லாம் நல்லா இருக்கா ஆன்ட்டி?"

"ஓம் பிள்ளை. இவர் குத்திக் குத்திப் பாத்தவர்."

"அப்போ மூணையும் மாத்திடுங்க. சர்வேயர் திரும்ப வந்து சரின்னு எழுதட்டும். மார்ச் வரைக்கும் வெயிட் பண்றேன்."

விஜயரத்தினம் முகத்தைத் துடைத்துக்கொண்டு அளவு நாடாவோடு மறுபடி ஏணியில் ஏறினார்.

"குழாயை வெளியில திருப்பும்வரைக்கும் மீன் பொரிக்காதேங்கோ!"

"அப்ப மத்தியானம் என்னத்தோட சாப்பிடப்போறியள்?"

மேலே அளவு நாடா சரசரத்தது.

"தேங்காய்ப்பால் சொதி வையுங்கோ."