தகுந்த பாதுகாப்புடன்

நீதிமன்ற உத்தரவுகளில் வரும் ‘தகுந்த’ என்ற சொல்லை நான் ஒருநாளும் நம்பியதில்லை. யாருக்குத் தகுந்தது என்று அது சொல்லாது.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு, காஞ்சிபுரத்தில் ஒரு நடுவர் நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்தேன். ஜரிகை திருடியதாகக் கைதான ஒரு தறிக்காரனைக் காவல் நீட்டிப்புக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அன்று விடியற்காலையில் அவனுடைய அப்பா இறந்திருந்தார். இவன் ஒரே மகன். கொள்ளி வைத்துவிட்டுத் திரும்ப நடுவர் அனுமதி கொடுத்தார்: ‘தகுந்த பாதுகாப்புடன் அழைத்துச் செல்லவும்.’

நீதிமன்றம் அனுமதிக்காமல் இப்படிப்பட்ட கைதிக்கு விலங்கு பூட்டக் கூடாது. காவலர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் வாசல்வரை பூட்டிக் கொண்டுவந்து, வாசலில் கழற்றி, உள்ளே காதலர்களைப் போலக் கைதியோடு விரல் கோத்து நிற்பார்கள். வெளியே போனதும் மறுபடி பூட்டு.

வராந்தாவில் அவன் தங்கை என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“சார், கையில அத மாட்டிக்கினுதான் இட்டுக்கினு போவாங்களா? எங்கண்ணன் கொடம் எப்பிடி சார் தூக்கும்?”

“மாட்டக் கூடாதும்மா.”

“கூடாதுன்னா மாட்ட மாட்டாங்களா?”

நடுவரின் அறைக்குப் போய், ‘விலங்கு இல்லாமல்’ என்று சேர்க்கலாமா என்று கேட்டேன்.

“கூடாதுன்னு சட்டமே சொல்லுது. இதுல எழுதினா, எழுதாத உத்தரவுல எல்லாம் மாட்டலாம்னு ஆயிடும்” என்றார்.

தர்க்கத்தில் பிழை இல்லை. அதை வைத்துக்கொண்டு குடம் தூக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

அதன்பிறகு என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தேன்; ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அங்கே நடப்பதை அந்தப் பெண் பார்க்கப்போவதும் இல்லை. மதியத்துக்குமேல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அவர்கள் ஊரான ஓரிக்கைக்கு ஸ்கூட்டரை விட்டேன். அங்கே எனக்கு எந்த விதியின்படியும் வேலை இல்லை.

பாலாற்றங்கரையில் சிதை தயாராக இருந்தது. அவன் இரண்டு கைகளிலும் விலங்கு.

“உத்தரவுல இது இல்லையேப்பா” என்றேன், கூட வந்திருந்த காவலரிடம்.

“தகுந்த பாதுகாப்புன்னு இருக்குதே சார். ஓடிட்டான்னா எனக்கு சஸ்பென்ஷன். நீங்களா வந்து நிப்பீங்க?”

ஆனாலும் கொஞ்சம் இறங்கிவந்தார். அவனுடைய இடது கையை விடுவித்து, அந்த வளையத்தைத் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். அவன் இடது தோளில் நீர்க்குடத்தைத் தாங்கியபடி நடக்க, காவலரும் கூடவே நடந்தார். சிதையைப் பாதி சுற்றுவதற்குள், குடத்தில் ஓட்டை போடக் கத்தியோடு நின்ற நாவிதர் கையைத் தூக்கித் தடுத்தார்.

“யோவ், நீ யாருய்யா ரெண்டாவது புள்ள?”

“டூட்டிபா. நீ உன் வேலையப் பாரு.”

“பாக்கறேன். உங்கப்பா கீறாரா?”

“செய்யாறுல கீறாரு. ஏன்?”

“ஒண்ணுமில்ல. அப்பன் உசுரோட கீறவன் கொடத்தோட சுத்தி நான் பாத்ததில்ல. என்னா ஆவுதுன்னு பாக்கலாம், சுத்து.”

காவலர் நின்றார். என் முகத்தைப் பார்த்தார். இதற்கு விதி ஏதாவது உண்டா என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. நான் சிதையைப் பார்த்தேன். அவர் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்தார். இரண்டு வளையங்களும் கழன்றன.

அவன் மீதியைத் தனியாகச் சுற்றினான். தண்ணீர் முதுகில் வழிந்தது. குடத்தைப் பின்னால் போட்டு உடைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொள்ளி வைத்தான். பிறகு திரும்பிப் பார்க்காமல் வந்து, ஈரக் கைகளைக் காவலரிடம் நீட்டினான்.

காவலர் கவனிக்கவில்லை. காதில் போனை வைத்தபடி மணலில் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டிருந்தார். விலங்கு அவர் முழங்கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

“ரிங்கு போவுது. அப்பா எடுக்க மாட்றாரே” என்றார், யாரையும் பார்க்காமல்.

“இன்னொரு தபா போடுங்கண்ணா” என்றான் அவன், நீட்டிய கையை மடக்காமல்.