பிரியாத இரண்டு நியூரான்கள்

புனேயில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது இரண்டே நியூரான்கள்தான் எனக்கு உலகம். நிஜ நியூரான்கள் அல்ல. கணினிக்குள் ஆளுக்கு மூன்று சமன்பாடுகளாக இருந்தவை. லேசாக இணைத்து விட்டாலும் தத்தம் போக்கில்தான் துடிக்கும். நான் எழுதிய கட்டுப்பாட்டுச் சமன்பாட்டைச் சேர்த்தால் இரண்டும் ஒரே தாளத்துக்கு வந்துவிடும்.

அதோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. ஒருநாள் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டுப் பார்த்தேன். பிரியவே இல்லை. எவ்வளவு நேரம் ஓடவிட்டும் திரையில் இரண்டின் துடிப்புக் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாகவே போயின. ஒருமுறை சேர்த்துவைத்தால் போதும், பிறகு கட்டுப்பாடே வேண்டாம்! என் பேராசிரியர் துள்ளிக் குதிக்காத குறை. ஆய்வேட்டின் முக்கிய அத்தியாயமே இதுதான் என்றார். நான் முடித்துக் கொடுக்க நான்கு மாதம்தான் இருந்தது.

பக்கத்து மேஜையில் என்னோடு ஆராய்ச்சிக்குச் சேர்ந்த ஒருத்தி. புனேயிலேயே போபோடிப் பகுதிக்காரி, தாத்தா காலத்திலேயே தொழிற்சாலை வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பம். என் திருநெல்வேலித் தமிழைக் கேட்டுச் சிரிப்பாள். அவள் தமிழில் பாதி இந்தி என்பதால் நானும் சிரிப்பேன். தினமும் அவள் டப்பாவில் எனக்கும் இரண்டு சப்பாத்தி இருக்கும். அப்படிச் சாப்பிட்டுக்கொண்டே என் திரையைப் பார்த்தவள் கேட்டாள்.

"அரே, ரெண்டும் ஏக்தம் ஸேம் நம்பரா வருது நா? ஒண்ணுல கடைசி டிஜிட் மட்டும் மாத்திப் பாரேன்."

"அதுல என்னட்டி ஆயிரப் போவுது?" என்றபடி பதினைந்தாவது தசம இடத்தில் ஒன்றைக் கூட்டினேன்.

சற்று நேரம் சேர்ந்து போன கோடுகள் மெல்ல விலகி, ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. காரணம் சின்னப் பிள்ளைக்கும் புரியும். கணினியில் இரண்டு எண்கள் கடைசி இலக்கம்வரை ஒன்றாகிவிட்டால், ஒரே கணக்கு இரண்டுக்கும் ஒரே விடையைத்தான் தரும். நிஜ மூளையில் அப்படி இரண்டு நியூரான்கள் ஏது?

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏட்டி, உன் சோலியப் பாத்துட்டுப் போ" என்றேன். அவள் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போனாள். பேராசிரியரிடம் அவள் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

இரண்டு நாள் பொறுத்து நானே போய் அவரிடம் சொன்னேன். அத்தியாயம் போயிற்று. கூடுதலாக ஒரு வருடம் ஆனது. கட்டுப்பாட்டை முழுதாக எடுக்காமல், விலகும்போது மட்டும் லேசாகத் தட்டிவிட்டால் போதும் என்று புதிதாக எழுதினேன். அந்த வருடமும் சப்பாத்தி வந்தது, நானும் வெட்கமில்லாமல் தின்றேன். தப்பு என்னுடையது என்று தெரிந்தும் அவள்மேல் இருந்த கோபம் போகவில்லை.

இப்போது நகரத்தின் மறுகோடியில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். போன மாதம் வேலையாகப் பழைய இடத்துக்குப் போனேன். ஈரக் குடைகள் விரித்துக் கிடந்த தாழ்வாரமும் நான்கு மணி வடா பாவ் வாசனையும் அப்படியே இருந்தன. அந்த நாட்கள் திரும்ப வேண்டும் போல ஏக்கமாக இருந்தது. நூலகத்தில் என் ஆய்வேட்டைத் தேடி எடுத்து நன்றிப் பக்கத்தைப் புரட்டினேன். பேராசிரியர், அப்பா, அம்மா, கேண்டீன் டீக்காரர், விடுதிப் பூனைக்குக்கூட நன்றி. அவள் பெயர் இல்லை.

அச்சுக்குப் போகுமுன் அந்த ஆய்வேட்டை வரிவரியாகப் படித்துப் பிழை திருத்தியவள் அவள்தான். நன்றிப் பக்கத்தையும் படித்தாள். பூனைக்குப் பக்கத்தில் விட்டுப்போன ஒரு காற்புள்ளியை மட்டும் போட்டுவிட்டு என்னிடம் தந்தாள்.