பஞ்சரான பஸ்ஸும் ஊர் சுற்றும் வீட்டுக்காரரும்

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆவணி மாத மத்தியானம். மறுநாள் காலை பொள்ளாச்சியில் என் தம்பிக்குக் கல்யாணம். அன்று சாயங்காலம் இணைச்சீர். எங்கள் பக்கத்தில், கூடப் பிறந்தவள் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அந்தச் சீர் நடக்கும். அவனுக்கு இருப்பது நான் ஒருத்திதான். முந்தின நாளே போயிருக்க வேண்டியவள், என் வீட்டுக்காரருக்கு மில்லில் லீவு கிடைக்காததால் அன்றைக்குத்தான் கோயம்புத்தூர் உக்கடத்தில் பஸ் ஏறினேன்.

கிணத்துக்கடவு வந்ததும் டமார் என்று டயர் வெடித்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் முகத்திலோ லாட்டரி விழுந்த சந்தோஷம்! எந்தச் சின்ன ஊரில் பஸ் நின்றாலும் அவருக்கு இறங்கிச் சுற்றியாக வேண்டும். ஊட்டிக்குக் கூட்டிப் போங்கள் என்றால் மேட்டுப்பாளையத்தில் இறங்கிப் பாக்கு மண்டியைக் காட்டுகிற மனுஷர்.

“ஒரு நடை போய்ட்டு வந்தர்றேன் அம்மணி” என்று போனவர், போனவர்தான்.

ஸ்டெப்னி மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஆளைக் காணோம். எனக்கு ரத்தம் கொதித்தது. மணப்பெண்ணுக்கான கூறைப் புடவை இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “இதோ கூட்டிட்டு வந்தர்றேனுங்க” என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு இறங்கினேன்.

தக்காளி மண்டியில் விசாரித்தேன். “நீலச் சட்டைக்காரருங்களா? வெலை கேட்டுப்போட்டு அந்தப் பக்கம் போனாருங்க” என்றார்கள். டீக்கடையில் கேட்டால், “மச்சினனுக்குக் கல்யாணம்னு சொன்னாரே, அவருங்களா?” என்கிறார்கள். அடக் கடவுளே, ஊர் முழுக்கப் பத்திரிகை வைக்காத குறை!

மலைக்கோயில் அடிவாரத் தெருவில் ஓர் அம்மா வாசலில் முல்லை பறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “ஏனுங்க அம்மணி, சீர் செய்யப் போற அக்கா நீங்கதானுங்களா? உங்க ஊட்டுக்காரரு இப்பத்தான் பேசிட்டுப் போனாருங்க” என்றார்.

“எந்தப் பக்கம் போனாருங்க?”

“அது கெடக்குது. பொறந்தவனுக்குச் சீர் செய்யப் போறவ இப்படிப் பரட்டத் தலையோடவா போறது? உக்காருங்க கண்ணு.”

பஸ் போய்விடும் என்று கெஞ்சினேன். எங்கள் ஊர் மரியாதை இருக்கிறதே, அதோடு சண்டை போட்டு யாரும் ஜெயித்ததில்லை. வாய் நிறைய ‘ங்க’ போட்டுக்கொண்டே தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டார். சீப்பு வந்தது, மோர் வந்தது, பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்தார்கள். பொண்ணு எந்த ஊரு, என்ன படிச்சிருக்குது, கூறை என்ன கலரு? கடுகடுவென்றுதான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். ஆனால் தம்பியைப் பற்றிப் பேச்சு வந்ததும் வாய் நிற்கவில்லை. எங்கள் அம்மா கண்ணை மூடியபின் அவனுக்கு நான்தான் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். எனக்குப் பின்னிவிடத்தான் ஆள் இல்லை. அந்த அம்மாவின் விரல்கள் தலையில் ஓட ஓட எனக்கு அழுகை வந்துவிட்டது. பையைத் திறந்து கூறைப் புடவையை வேறு காட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஹாரன் சத்தம் விடாமல் கேட்டது. ஐயோ, பஸ்! புடவையைப் பையில் திணித்து, அவர் தந்த முல்லைச் சரத்தைப் பின்னலில் செருகிக்கொண்டே ஓடினேன்.

பஸ் முழுக்க ஜன்னலுக்கு வெளியே தலைகள். நடுவில் என் வீட்டுக்காரர் நிம்மதியாகக் கடலை கொறித்துக்கொண்டிருக்கிறார்!

“அவரு அப்பவே வந்துட்டாருங்க. உங்களுக்குத்தான் இத்தன நேரம் நிக்கறோம். சீர் நின்னு போயிரும்னு டிரைவர் கையப் புடிச்சுக் கெஞ்சிப்போட்டாருங்க” என்று எரிந்து விழுந்தார் கண்டக்டர். எல்லோரும் என்னையே முறைத்தார்கள்.

“ஊர் நல்லாருக்குதல்ல?” என்றார் இவர்.

“பேசாம வாங்க” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

நல்லவேளை, சீருக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பக்கத்தில் உட்கார்ந்த தம்பி என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, “அக்கா, அம்மா பின்னற மாதிரியே இருக்குது” என்றான்.

அந்த அம்மாவின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. இன்றும் வழியில் எங்காவது பஸ் நின்றால் இவர் செருப்பைத் தேடுவார், நான் திட்டுவேன். திட்டிக்கொண்டே நானும் என் செருப்பை மாட்டிக்கொள்கிறேன். பெயர் தெரியாத எந்தத் தெருவில் நமக்காக யார் சீப்போடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இறங்கினால்தானே தெரியும்.