ஒன்பது ராத்தல் கூடாரம்

1. எடை

சர்வேயில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் இப்போதும் தேடி வந்து கேட்கிறார்கள்: "சார், ரெண்டு பேர் படுக்க லைட்டா ஒரு டெண்ட் வேணும், எதைப் பார்த்து எடுக்கணும்?" எடையைப் பார், தையலைப் பார், வாசலைப் பார் என்று மூன்று சொல்லி அனுப்பிவிடுவேன். நான்காவதாக ஒன்று உண்டு. நேரில் சொன்னால் சிரிப்பான்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

குமரி தமிழ்நாட்டோடு சேர்வதற்கு இரண்டு வருஷம் முந்தி. பேச்சிப்பாறைக்கு மேலே காட்டு எல்லை அளக்கப் பத்து நாள் வேலை. நானும், நிலம் அளக்கிற செயின் பிடிக்க நேசையனும். நேசையன் தற்காலிகம். இந்த வேலையை முடித்து வந்தால் நிரந்தரம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். கல்யாணம் ஆகி மூன்று மாசம்தான். சுமை தூக்க, மலையிலேயே வாழ்கிற காணிக்காரர் மாதன்.

ஆபீஸ் டெண்ட் கம்பும் கயிறுமாக நாற்பது ராத்தல். அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார்: "டே தாணு, ஒத்த ஆளுதான் தருவேன். தியோடலைட்டுக் கருவியும் அரிசியும் போக அவன் தலையில என்ன ஏறுமோ, அதுதான் ஒனக்க டெண்டு. நீயே பாத்து எடு."

நாகர்கோவிலில் பட்டாளத்துப் பழைய சாமான் கடையில் ரப்பர் பூசினது ஒன்று இருந்தது. இருபது ராத்தல். உள்ளே கொஞ்ச நேரம் படுத்துப் பார்த்தேன். என் மூச்சே தண்ணீராகி என் நெற்றியில் சொட்டியது. சவத்தைத் தூக்கிப் போடு என்று வெளியே வந்தேன்.

அப்போதுதான் எனக்க மூளை வேலை செய்தது. முந்தின மாசம் கடற்கரை அளக்கப் போனபோது கட்டுமரத்துப் பாயைப் பார்த்திருந்தேன். மெல்லிசுத் துணி, காற்றையே பிடித்து நிறுத்துகிற நெசவு. பட்டைச்சாற்றில் ஊறி செங்காவி நிறம். இதைத் தைத்தால் டெண்ட் ஆகாதா?

2. இனயம்

இனயம் என்ற கடற்கரை ஊரில் திரேசம்மை என்ற பெண் ஒரு பாயை விற்கப் போகிறாள் என்றார்கள். போனேன். முற்றத்தில் விரித்துக் காட்டினாள்.

"எங்க ஆளுக்க பாயி சாரே. மரமும் வரல்ல, ஆளும் வரல்ல. இது மட்டும் கரையில ஒதுங்கிச்சு."

அவள் அழவில்லை. மடித்துத் தரும்போது ஒன்று கேட்டாள். "இதுக்க அடியில ரெண்டு பேருல்லா படுப்பிய? ரெண்டு பேருக்க பேரையும் சொல்லீட்டுப் போங்க. பாய்க்கு அடியில இருக்க ஆளுக்க பேரை தெனமும் ஜெபத்துல சொல்லுவோம். பேரு தெரியாம ஒருத்தரை விடக்கூடாது."

செத்தவன் பாய்க்கு எனக்க பேரைக் கொடுக்கவா? "ஒரு ஆளுதான் படுப்பான். நேசையன்" என்று சொன்னேன். நாக்கு கூசாமல் வந்தது.

தைத்து முடித்து நிறுத்தால் ஒன்பது ராத்தல். அதிகாரி முதுகில் தட்டினார். நேசையனிடம், "கொல்லத்துப் புதுத் துணிடே மக்கா" என்றேன்.

3. மலை

இரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. துணி மட்டும் காயவே மாட்டேன் என்றது. வெயிலில் போட்டாலும் தொட்டால் பிசுபிசு. மாதன் எங்களோடு தங்கவில்லை. கூப்பிடு தூரத்தில் மரத்தின்மேல் அவருக்கு ஏறுமாடம் இருந்தது.

மூன்றாம் நாள் நாலு மணிக்கே மூடுபனியாக மஞ்சு இறங்கி, நட்ட கொடிக்கம்பு தெரியாமல் போயிற்று. வேலையை நிறுத்தி டெண்டுக்குள் படுத்தோம். உள்ளே செங்காவி வெளிச்சம். நேசையன் பக்கத்துத் துணி பைய உள்ளே புடைத்தது.

"அண்ணே, நீங்களா கைய வச்சிய?"

"நான் இந்தப் பக்கம்லா கெடக்கேன்."

அந்தப் புடைப்பு அவன் காலருகே தொடங்கி மேலே நகர்ந்தது. கூடவே ஒரு சத்தம், துணியை உப்புத்தாளால் தேய்க்கிற மாதிரி. இடுப்பைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி, அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றது. துணிக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விட்டார்கள். எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, உள்ளதைச் சொல்கிறேன். நேசையன் வாய்க்குள்ளே ஜெபம் பண்ணினான். ஒரு காலடிச் சத்தம்கூட இல்லாமல் அது போய்விட்டது.

மறுநாளும் அதே நேரம், அதே பக்கம். அதற்கு அடுத்த நாளும். நேசையனுக்குக் கஞ்சி இறங்கவில்லை. ஆறாம் நாள் விடிந்ததும் பையைக் கட்டினான். "வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். நான் கீழ போறேன்."

ஆனை நடமாடுகிற காடு. தனியாகப் போனால் பிணமாகத்தான் வருவான். பிடித்து நிறுத்த வேறு வழி தெரியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: பாய், திரேசம்மை, பெயர். அவன் பையைக் கீழே வைத்தான். கோபப்பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எனக்க பேரை மட்டுமா அண்ணே சொன்னிய?"

நான் தலையைத் தொங்கப் போட்டேன். வெட்கத்தில் உயிர் போயிற்று.

எங்கள் சத்தம் கேட்டு மாதன் வந்தார். டெண்டைச் சுற்றி வந்து சருகை விலக்கினார். குளம்புத் தடம். பிறகு துணியில் நாக்கை வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"உப்பு, சாரே! மிளாவுக்கு உப்புன்னா உசிரு. அதாக்கும் வந்து நக்குது." பெரிய மான் ஜாதி அது. சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "மிளா வந்த எடத்துக்கு ஆனையும் வரும். இன்னைக்கே கழுவணும்."

கடலில் ஊறின துணி என்பது இவ்வளவு பெரிய அளவைக்காரன் மண்டைக்கு எட்டவில்லை பாருங்கள். ஓடும் ஆற்றில் மூன்று தடவை அலசினோம். மூன்று பேரும் நக்கிப் பார்த்தோம், வெறும் துணி. நேசையன்கூடச் சிரித்துவிட்டான். நாலு நாள் ஒன்றும் வரவில்லை.

4. கடைசிச் சாயங்காலம்

பத்தாம் நாள் வேலை முடிந்தது. ஆற்றோரம் செடி முளைக்காத ஈரமண்ணில் டெண்டைப் போட்டோம். மறுபடி மஞ்சு. மறுபடி அந்தச் செங்காவி வெளிச்சம். துணி புடைத்தது.

இந்தத் தடவை என் பக்கம்.

தேய்க்கிற சத்தம் இல்லை. மூச்சு இல்லை. நகரவும் இல்லை. என் முகத்துக்கு நேரே, ஒரு கையகலம், சும்மா அழுத்திக்கொண்டு நின்றது. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி. அம்மா என்று கத்தக்கூட வரவில்லை.

நேசையன் என் தோளைப் பிடித்தான். மெதுவாகச் சொன்னான்: "ஒங்க பேரைச் சொல்லுங்க அண்ணே."

"தாணுமாலயன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"பலமா சொல்லுங்க."

சொன்னேன். துணி மெல்லத் தளர்ந்து நேரானது.

விடிந்ததும் மாதன் சுற்றிலும் பார்த்தார். ஈரமண்ணில் எங்கள் மூன்று பேர் தடம் தவிர ஒரு கீறல் இல்லை. அவர் கயிற்றை அவிழ்த்தார். நான் துணி புடைத்த இடத்தில் நாக்கை வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது.

மலை இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. நேரே இனயம். துணியைத் திரேசம்மை கையில் கொடுத்து, "ரெண்டு பேரு படுத்தோம். இன்னொருத்தன் பேரு தாணுமாலயன்" என்றேன். ஏன் இப்போது வந்து சொல்கிறாய் என்று அவள் கேட்கவில்லை. என் பெயரை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நேசையன் நிரந்தரம் ஆகி, எனக்கு மேலதிகாரியாகவே ஓய்வு பெற்றான்.

ஆகவே பையன்களே, எடையைப் பாருங்கள், தையலைப் பாருங்கள், வாசலைப் பாருங்கள். வாங்கும் முன் துணியை ஒருதரம் நக்கிப் பாருங்கள், சிரிக்கிறவன் சிரிக்கட்டும். ரெண்டு பேர் படுக்கிற டெண்ட் என்றால், யார் கேட்டாலும் ரெண்டு பேரின் பெயரையும் சொல்லுங்கள்.