மணலில் கிடந்த துடுப்பு

சாம்பல்தீவை விட்டுத் திருகோணமலைக்கு நடந்துகொண்டிருந்தேன். தோளில் நானே செய்த மின்சாரக் கிட்டார். கரை மணலில் புதைந்துகிடந்த துடுப்பை அறுத்து, சைக்கிள் பிரேக் கம்பியின் இழைகளைக் கட்டி, பழுதான தொலைபேசியின் காந்தச் சுருளைப் பொருத்தியிருந்தேன்.

ஒரு மீனவர் பின்னால் ஓடிவந்தார்.

"தம்பி, அது என்ர துடுப்பு! வெயிலில வெடிக்காமல் மணலுக்குள்ள தாட்டு வைச்சனான். ரெண்டு நாளாக் கடலுக்குப் போகேல்ல."

அடி விழும் என்று நின்றேன். அவர் கம்பியைச் சுண்டிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா சத்தம்?"

"ரேடியோவில பூட்டவேணும், அண்ணை."

வழியோரத் தேநீர்க்கடையின் வானொலியில் பூட்டி வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"இனி இதை ஒட்ட ஏலாது. நீயே வைச்சிரு," என்று வெறுங்கையோடு திரும்பினார்.

என்னை அடித்தவர்களை எல்லாம் எளிதாக மறந்திருக்கிறேன். இவரை விட்டுப் போகக் கால் வரவில்லை. மறுநாள் காலை ஒரு துடுப்பை இரவல் வாங்கிக்கொண்டு, அவருடைய தோணியிலேயே வேலைக்குச் சேர்ந்தேன்.