கண்ணகி பேசிய நாற்பது நிமிடம்

வைத்திக்குப்பத்தில் பிறந்தும் விமல்ராஜுக்குக் கடல் ஒத்துவரவில்லை. படகு அலையைத் தாண்டுவதற்குள் வாந்தி வந்துவிடும். அதனால் மைக் செட் போடும் வேலைக்குப் போனார். திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று பதினைந்து வருடம் ஊருக்கே கேட்கும்படி ஒலிபெருக்கி கட்டினார். எந்த ஒயரில் இரைச்சல் வருகிறது என்பதைக் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார்.

அந்தக் காதுக்காகத்தான் காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓர் ஆய்வு நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. மொழி, வரலாறு, மக்கள் வாழ்க்கை இவற்றை ஆராய்கிறவர்களுக்கு இடமும் கருவியும் ஆளும் கொடுத்துத் தாங்குகிற நிறுவனம் அது. மீன் விற்கும் பெண்களின் பேச்சை விமல்ராஜ் அதற்காக மூன்று வருடம் பதிவு செய்தார். அதில் உயிரான பகுதி, அவர் ஊரிலேயே மீன் விற்கும் கண்ணகி பேசிய நாற்பது நிமிடம். பிறந்ததிலிருந்து விமல்ராஜைத் தெரிந்தவர் என்பதால் மனம்விட்டுப் பேசியிருந்தார்.

நிறுவனத்தில் ஒரு விதி உண்டு. பேசியவருக்குப் பதிவைப் போட்டுக் காட்ட வேண்டும். அவர் சரி என்றால்தான் காப்பகத்தில் சேரும். வேண்டாம் என்றால் அழித்துவிட வேண்டும்.

போட்டுக் காட்டுவது என்றால் விமல்ராஜுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். ஒருநாள் சாயங்காலம் கடற்கரை வலைக்கொட்டகையில் இரண்டு பெரிய ஸ்பீக்கரைக் கட்டிப் பதிவை ஓடவிட்டார். ஐந்தாவது நிமிடத்தில், ஓட்டலுக்கு மீன் வாங்கும் இருசப்பன் எப்படிப் பேரம் பேசுவார் என்று கண்ணகி நடித்துக் காட்டும் இடம் வந்தது. செவுளைத் தூக்கிப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், வேண்டாம் என்று நடப்பார், திரும்பி வருவார். கரையே சிரித்தது. கையில் பையோடு இருசப்பனும் அங்கேதான் நின்றிருந்தார். எடுத்த மீனைக் கண்ணகியின் கூடையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கண்ணகியின் முகம் கருத்துவிட்டது. “ஏன்டா விமலு, உன்கிட்ட சொன்னா ஊருக்கே மைக் போடுவியா? எல்லாத்தயும் அழிச்சிடு.”

மறுநாள் விமல்ராஜ் நிறுவனத் தலைவர் பேராசிரியர் ஹேமலதாவிடம் நடந்ததைச் சொன்னார். அவர் கோபப்படவில்லை. அழிக்கச் சொன்னால் அழிக்கத்தான் வேண்டும், அது நம் சொத்து இல்லை என்றார். பிறகு, “அவங்க முழுசா கேட்டாங்களா?” என்று கேட்டார். ஐந்து நிமிடம்தான் ஓடியது என்றார் விமல்ராஜ். “அப்ப பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு. மீதியையும் கேக்கச் சொல்லுங்க. அப்புறமும் வேணாம்னா அழிச்சிடுங்க.”

விற்பனை முடிந்து கண்ணகி கூடை கழுவும் நேரத்தில் விமல்ராஜ் ஹெட்போனோடு போய் நின்றார். மன்னிப்புக் கேட்டார். முழுசாகக் கேட்டுவிட்டும் வேண்டாம் என்றால் உங்கள் கண்ணெதிரிலேயே அழிக்கிறேன் என்றார். கண்ணகி முணுமுணுத்துக்கொண்டே மாட்டிக்கொண்டார். பத்து நிமிடம் கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டார். அப்புறம் காது அடைத்திருப்பதை மறந்து உரக்கவே பேச ஆரம்பித்தார். “இத நானா சொன்னேன்? சரியாத்தான்டா சொல்லியிருக்கேன்.” பக்கத்துக் கூடைக்காரி பாக்கியலட்சுமி, “அடியே, மெதுவா பேசு, இப்ப நீயே மைக் செட்டு” என்றாள். கண்ணகிக்கு அது கேட்கவில்லை.

நாற்பது நிமிடமும் முடிந்தபின் கழற்றிக் கொடுத்தார். “இருக்கட்டும். ஆனா இருசப்பன் சேதி அவரோடது. நான் சரின்னா போதாது. அவரக் கேளு.”

விதியில் அப்படி எதுவும் இல்லை. இருந்தாலும் விமல்ராஜ் சாரம் பகுதியில் இருந்த அந்த ஓட்டலுக்கு நடந்தார். இருசப்பன் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் பதிவைக் கேட்டார். அந்த இடத்தை இன்னொரு தரம் போடச் சொன்னார்.

“தப்பு பண்ணிட்டா,” என்றார். “நான் மூணு வாட்டி திரும்பி வருவேன். ஒரு வாட்டின்னு போட்டிருக்கா. அத நாளைக்கு நானே போய் சொல்லிக்கறேன். நீ வச்சிக்கப்பா.”

நிறுவனத்தின் சம்மதப் படிவத்தில் ஹேமலதா அந்த வாரமே ஒரு வரி சேர்த்தார்: யாரைப் பற்றிப் பேசினார்களோ, அவரும் பதிவைக் கேட்டுச் சரி சொல்ல வேண்டும். அந்த வரி எப்படி வந்தது என்று புதிய மாணவர்கள் கேட்டால், அது வைத்திக்குப்பத்துக் கண்ணகி அக்கா போட்ட வரி என்பார் விமல்ராஜ்.